மேடைப் படங்களில் நாய்ஸ்: ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவதா, லென்ஸை மாற்றுவதா?

மேகமூட்டம்:

வணக்கம். 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா ஒன்றும் அதனுடன் வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். பகலில் வெளியே எடுக்கும் படங்களில் ஒரு குறையும் இல்லை. மகள் மேடையில் ஆடுவதை அரங்குக்குள் எடுக்கும்போதுதான் பிரச்சினை. லென்ஸை 55 மிமீக்குத் தள்ளினால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஆட்டம் என்பதால் ஷட்டரை 1/250 நொடியை விட மெதுவாக்கவும் முடியாது, கடைசியில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) 12800க்குப் போய் நிற்கிறது. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது, கருநீல உடை நிழலில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

யாரைக் கேட்டாலும் "ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிடு" என்கிறார்கள், அதாவது இன்னும் பெரிய சென்சார் உள்ள கேமரா. சென்சார் பெரிதானால் படம் ஏன் சுத்தமாகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு பிக்ஸலும் பெரிதாக இருப்பதாலா? அப்படியென்றால் 12 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் கேமரா 61 மெகாபிக்ஸல் கேமராவை எல்லா விதத்திலும் தோற்கடிக்க வேண்டுமே?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பையில் எப்போதும் கிடக்கிற மாதிரி ஒரு சின்ன கேமராவும் வேண்டும். 1 இன்ச் சென்சார் உள்ளவை இந்த வேலைக்குப் போதுமா, அல்லது கையில் இருக்கும் போனே போதுமா? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும், வெறும் மாடல் பெயர்கள் வேண்டாம்.

தூரவெளிச்சம்:

பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) இப்போது மாற்றாதீர்கள், முதலில் லென்ஸ். காரணம் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் படத்தில் இருக்கும் நாய்ஸில் பெரும்பகுதியைச் சென்சார் உண்டாக்கவில்லை, அது வெளிச்சத்திலேயே இருக்கிறது. ஒளி ஃபோட்டான்களாக வந்து விழுகிறது, அவை சீராக விழுவதில்லை. சராசரியாக 10,000 ஃபோட்டான் விழவேண்டிய இடத்தில் ஒருமுறை 9,900 விழும், இன்னொரு முறை 10,100 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 10,000க்கு 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் 100 ஃபோட்டான்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம், முகத்தில் புள்ளிகளாகத் தெரிவது இதுதான். ஷாட் நாய்ஸ் என்பார்கள். ஐஎஸ்ஓவை ஏற்றியதால் நாய்ஸ் வந்தது என்று எல்லோரும் பேசுகிறோம், உண்மையில் வெளிச்சம் குறைவாக வந்ததால் நாய்ஸ் வந்தது, அந்தக் குறைவான வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிற வேலையைத்தான் ஐஎஸ்ஓ செய்கிறது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு படத்துக்கு மொத்தம் எவ்வளவு வெளிச்சம் சேர்ந்தது?

ஃபுல் ஃப்ரேம் 36×24 மிமீ, பரப்பு 864 சதுர மிமீ. சோனி, நிக்கான், ஃபூஜி போன்றவர்களின் ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6 மிமீ, அதாவது 367 சதுர மிமீ. கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது, 22.3×14.9. எஃப் எண்ணும் ஷட்டரும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் ஒன்றுதான், ஆனால் ஃபுல் ஃப்ரேமில் பரப்பு 2.35 மடங்கு என்பதால் மொத்த வெளிச்சமும் 2.35 மடங்கு. ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) 1.2. அதாவது ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 12800ல் எடுத்த படம் உங்கள் கேமராவில் ஏறக்குறைய 5400ல் எடுத்தது போல இருக்கும். நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் "எஃப் எண் ஒன்றாக இருந்தால்" என்ற நிபந்தனையை யாரும் கவனிப்பதில்லை. ஆரம்ப நிலை ஃபுல் ஃப்ரேம் பாடிகளுடன் வரும் ஜூம்கள் பல, தள்ளத் தள்ள அப்பர்ச்சர் சுருங்குகிறவை, 24-105 எஃப் 4-7.1 மாதிரி. உங்கள் 55ல் கிடைக்கும் அதே ஃப்ரேம் வேண்டுமென்றால் அதில் 82 மிமீ பக்கம் போக வேண்டும், அங்கே 7.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது லென்ஸின் துளை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். குவியதூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வந்துவிடும். உங்கள் கிட் லென்ஸில் 55ஐ 5.6ஆல் வகுத்தால் 9.8 மிமீ. அந்த ஃபுல் ஃப்ரேம் ஜூமில் 82ஐ 7.1ஆல் வகுத்தால் 11.5 மிமீ. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஃப்ரேமை எடுக்கும்போது மேடையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை இந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. இவ்வளவு செலவழித்து, பையும் கனத்து, கிடைத்தது அரை ஸ்டாப்பைத் தாண்டாது.

உங்கள் கேமராவிலேயே 50 மிமீ எஃப் 1.8 போட்டால்? துளை 27.8 மிமீ. எஃப் 5.6க்கும் 1.8க்கும் இடையே 3.3 ஸ்டாப். அதே 1/250ல் 12800ஆக இருந்த ஐஎஸ்ஓ 1300க்கு இறங்கிவிடும். எந்தப் பாடி மாற்றமும் இதைத் தராது.

பிக்ஸல் அளவு பற்றிக் கேட்டீர்கள். தனித்தனிப் பிக்ஸலை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னப் பிக்ஸல் மோசமாகத்தான் தெரியும். ஆனால் யாரும் பிக்ஸலைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறோம். 61 மெகாபிக்ஸல் படத்தை 12 மெகாபிக்ஸலாகச் சுருக்கினால் ஐந்து பிக்ஸல் ஒன்றாகச் சேர்கிறது, ஐந்தின் வெளிச்சமும் சேர்கிறது, வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். மிக உயர்ந்த ஐஎஸ்ஓவில், ஒவ்வொரு பிக்ஸலையும் படிக்கும்போது சேரும் ரீட் நாய்ஸ் காரணமாக, பெரிய பிக்ஸலுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. 12 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் கேமராக்களை வீடியோக்காரர்கள் விரும்புவதற்கு முக்கியக் காரணம் வேறு, சென்சாரை வேகமாகப் படித்து முடிக்கலாம் என்பதுதான்.

முக்காலி:

மேலே சொன்னது மேடைக்குச் சரி. ஆனால் "லென்ஸ் இருந்தால் போதும், சென்சார் அளவு வெறும் பேச்சு" என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அது தவறு.

நான் எடுப்பது நிலக்காட்சி. கேமரா முக்காலியில், ஐஎஸ்ஓ 100ல், ஷட்டர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். எனக்கு வெளிச்சம் பற்றாக்குறையே கிடையாது. என் எல்லை வேறு: வெள்ளை வெளுத்துப்போவதற்குள் சென்சார் எவ்வளவு வெளிச்சத்தைத் தாங்கும்? பெரிய சென்சாருக்குப் பரப்பு அதிகம் என்பதால் மொத்தமாக அதிகம் தாங்குகிறது. அந்த 1.2 ஸ்டாப்பை நான் கூடுதலாக ஷட்டர் நேரமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ள முடியும், அப்பர்ச்சரை எஃப் 11ல் வைத்துக்கொண்டே. சூரியன் மறையும் நேரத்தில் வானத்தைக் காப்பாற்றுவதற்காக எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்துவிட்டு, பிறகு ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவில்) பாறையின் நிழலை மூன்று ஸ்டாப் தூக்கும்போது ஃபுல் ஃப்ரேமில் பாறை பாறையாக இருக்கும். 1 இன்ச் சென்சாரில் அதே பாறையில் நிறத் திட்டுகள் வந்துவிடும். இதை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி போடாமலே தெரியும்.

44×33 மிமீ மீடியம் ஃபார்மட் பக்கம் போகிறவர்களும் இதற்காகத்தான் போகிறார்கள். ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்ப்ளாட் எக்ஸ் வரிசைகள் அப்படி. பரப்பு ஃபுல் ஃப்ரேமை விட 1.7 மடங்கு. இருட்டில் ஓடுகிறதை எடுப்பதற்கு அதை யாரும் வாங்க மாட்டார்கள், அந்த ஃபார்மட்டுக்கு எஃப் 1.4 லென்ஸ் தேடினாலும் கிடைப்பது அரிது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சென்சாரின் வயதும் கணக்கில் வரும். கேனான் 5டி 2005ல் வந்த ஃபுல் ஃப்ரேம், நிக்கான் டி7000 2010ல் வந்த ஏபிஎஸ்-சி. குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலைத் தூக்கும் விஷயத்தில் அந்தச் சின்ன சென்சார்தான் தெளிவாக மேலே. ஐந்தே வருட இடைவெளி. அதற்குப் பிறகு அந்த அளவு தாவல் நடக்கவில்லை, ஏனென்றால் விழும் ஃபோட்டான்களில் கணிசமான பங்கை இன்றைய சென்சார்கள் ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன, மிச்சம் இருப்பது கொஞ்சம். ஆகவே பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றை வாங்க யோசிப்பவர்கள் அது எந்த வருடத்து மாடல் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கரிச்சான்:

பறவை எடுக்கிறவன் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே விஷயம் தலைகீழ்.

நமக்கு எப்போதும் தூரம்தான் பிரச்சினை. 400 மிமீ லென்ஸ், 20 மீட்டர் தூரத்தில் 20 செமீ நீளமுள்ள ஒரு பறவை. சென்சார் மேல் அந்தப் பறவையின் உருவம் 4 மிமீ நீளம். சென்சார் பெரிதோ சிறிதோ, அந்த 4 மிமீ மாறாது. ஃபுல் ஃப்ரேமில் அதைச் சுற்றிலும் கூடுதலாகக் கிடைப்பது வானமும் இலையும்தான், நான் எப்படியும் வெட்டி எறியப் போகிறவை. ஆக, பறவை மேல் விழுந்த மொத்த வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே, பறவையில் தெரியும் நாய்ஸும் ஏறத்தாழ ஒன்றே. ஃபுல் ஃப்ரேமின் 1.2 ஸ்டாப் எனக்குக் கைக்கு வரவே வராது.

ஆனால் அந்த 4 மில்லிமீட்டரில் எத்தனை பிக்ஸல் இருக்கிறது என்பது மாறும். 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேமில் ஒரு பிக்ஸல் சுமார் 6 மைக்ரான், பறவை கிட்டத்தட்ட 670 பிக்ஸல் நீளம். 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சியில் சுமார் 3.9 மைக்ரான், பறவை 1020 பிக்ஸலைத் தாண்டும். இறகு இறகாகப் பார்க்கிறவனுக்கு இது பெரிய விஷயம். 45 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் என்றால் இந்த இடைவெளி அநேகமாக மூடிவிடும். நிக்கான் டி850ல் ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினாலும் 19 மெகாபிக்ஸல் மிஞ்சும், பறவை ஓடும்போது சுற்றிலும் இடம் இருப்பதால் ஃப்ரேமுக்குள் பிடிப்பதும் எளிது. ஆனால் அதன் எடையையும் விலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஏபிஎஸ்-சியை விடச் சிறிய சென்சார்) கேமராக்காரர்கள் தங்கள் 300 எஃப் 4 லென்ஸை "600 எஃப் 4" என்று சொல்வதை நம்பி யாரும் ஏமாறாதீர்கள். பார்வைக் கோணம் 600, சேரும் வெளிச்சம் ஃபுல் ஃப்ரேமின் 600 எஃப் 8க்குச் சமம். 300ஐ 4ஆல் வகுங்கள், 75. 600ஐ 8ஆல் வகுங்கள், அதே 75. ஆனாலும் அந்த லென்ஸ் ஒன்றே கால் கிலோ சுமார், ஃபுல் ஃப்ரேம் 600 எஃப் 4 மூன்று கிலோ. காலையில் ஆரம்பித்து வெயில் ஏறும்வரை காட்டுக்குள் நடக்கிறவர்கள் 75 மிமீ துளையோடு சந்தோஷமாக நடக்கலாம். எடை குறைவாக இருப்பதால் கேமரா கையில் இருக்கும், கையில் இருப்பதால் படம் கிடைக்கும்.

மேகமூட்டம்:

அருமை, துளைக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஒரு சந்தேகம். நான் உட்காரும் இடத்திலிருந்து மேடை சுமார் 8 மீட்டர். 50 எஃப் 1.8ஐ முழுதாகத் திறந்தால் ஃபோகஸ் மெல்லிசாகிவிடும் அல்லவா? கை முன்னால் நீட்டினால் கை மங்கும், பின்னால் ஆடுகிறவர்கள் மங்குவார்கள். அந்த விஷயத்திலாவது ஃபுல் ஃப்ரேம் உதவுமா?

தூரவெளிச்சம்:

உதவாது, சொல்லப்போனால் எதிர்ப்பக்கம் இழுக்கும். எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஏபிஎஸ்-சியில் 50 மிமீ, எஃப் 1.8, 8 மீட்டர்: தெளிவாக இருக்கும் பகுதி சுமார் 7.2 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். ஒருவர் கை நீட்டி ஆடுவதற்கு இது தாராளம்.

ஃபுல் ஃப்ரேமில் அதே ஃப்ரேமுக்கு 75 மிமீ வேண்டும், அதையும் எஃப் 1.8ல் திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஒன்றே கால் மீட்டராகக் குறையும். பழைய இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் எஃப் 2.7க்கு மூட வேண்டும். அப்படி மூடினால் 1.2 ஸ்டாப் வெளிச்சம் போய்விட்டது, ஐஎஸ்ஓவை அதே அளவு ஏற்ற வேண்டும், நாய்ஸ் உங்கள் ஏபிஎஸ்-சி படத்துக்குச் சமம். துளையைப் பாருங்கள்: 75ஐ 2.7ஆல் வகுத்தாலும் 27.8 மிமீ, உங்கள் 50 எஃப் 1.8ம் 27.8 மிமீ. ஒரே துளை, ஒரே ஆழம், ஒரே வெளிச்சம், ஒரே படம். சென்சார் பெயர் மட்டும் வேறு.

ஃபுல் ஃப்ரேம் உண்மையில் தருவது என்னவென்றால், இன்னும் பெரிய துளைக்குப் போகும் வழி. 85 எஃப் 1.4ஐ ஃபுல் ஃப்ரேமில் போட்டால் துளை 60 மிமீ. அதே கோணத்துக்கும் அதே துளைக்கும் ஏபிஎஸ்-சியில் 56 எஃப் 0.95 மாதிரி ஏதாவது வேண்டும், ஆட்டோஃபோகஸோடு அப்படி ஒன்றைத் தேடுவது வீண் வேலை. ஆழம் குறைவதைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னும் வெளிச்சம் வேண்டும் என்கிறவர்களுக்கு, ஒற்றை ஆளின் முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து எடுக்க விரும்புகிறவர்களுக்கு, ஃபுல் ஃப்ரேம் சரியான பதில். ஒரு குழுவே ஆடும்போது எல்லோரும் தெளிவாக வர வேண்டும் என்றால் எந்த சென்சாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அரங்கில் விளக்கு கூட்டினால்தான் உண்டு.

குட்டிக்கேமரா:

இரண்டாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், 1 இன்ச் என்று எழுதியிருப்பதை 25.4 மிமீ என்று படிக்காதீர்கள். அந்த சென்சார் 13.2×8.8 மிமீ, மூலைவிட்டம் 16 மிமீகூட இல்லை. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொல்லும் வழக்கம் அப்படியே தொடர்கிறது. 1/2.3 என்று போட்டிருக்கும் சின்ன கேமராக்களில் சென்சார் 6.17×4.55 மிமீ. கேமரா வாங்கும்போது மிமீ கணக்கில் அளவைப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். பரப்பில் 1 இன்ச் 116 சதுர மிமீ, 1/2.3 வெறும் 28. நான்கு மடங்கு வித்தியாசம், இரண்டு ஸ்டாப். 2012ல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது சட்டைப்பை கேமராக்கள் மேல் மறுபடி மரியாதை வந்ததற்கு இந்த இரண்டு ஸ்டாப்தான் காரணம்.

இப்போது சுவாரசியமான இடம். சட்டைப்பை அளவிலேயே ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது, பேட்டரியோடு 257 கிராம். அதில் லென்ஸ் எஃப் 2.8, ஜூம் கிடையாது. ஆர்எக்ஸ்100ன் மூன்றாவது மாடலில் 1 இன்ச் சென்சார், ஆனால் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8. ஃபுல் ஃப்ரேம் கணக்குக்கு மாற்றினால் ரிக்கோ எஃப் 4.2, சோனி எஃப் 4.9. இரவுத் தெருவில் இரண்டுக்கும் இடையே அரை ஸ்டாப்கூட இல்லை. சென்சார் பரப்பு மூன்று மடங்கு, ஆனால் சின்ன சென்சாருக்குப் பெரிய அப்பர்ச்சர் லென்ஸைச் சின்னதாகவே செய்துவிட முடியும் என்பதால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில், முக்காலி சொன்ன மாதிரி, குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலையும் வானத்தையும் சேர்த்துப் பிடிப்பதில், ரிக்கோ தெளிவாக மேலே. ஆகவே நீங்கள் எந்த நேரத்தில் எதை எடுப்பீர்கள் என்பதைச் சொல்லாமல் எதையும் பரிந்துரைக்க முடியாது.

போன் பற்றி. நல்ல போன்களின் முதன்மை கேமராவில் சென்சார் சுமார் 9.8×7.3 மிமீ, 72 சதுர மிமீ. ஃபுல் ஃப்ரேமில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் போன் ஒரு படம் எடுப்பதில்லை, ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து அடுக்கிச் சராசரி எடுக்கிறது. ஒன்பது படம் சேர்ந்தால் ஒன்பது மடங்கு வெளிச்சம், மூன்று ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். இரவுக் கட்டடம், விளக்கு எரியும் தெரு, அசையாமல் நிற்கும் ஆள் எல்லாம் போனில் அவ்வளவு சுத்தமாக வருவது இதனால்தான். ஆள் அசைந்தால் இந்த வித்தை பலிக்காது, ஒன்பது படத்திலும் கை ஒன்பது இடத்தில் இருக்கும், மென்பொருள் அந்தக் கையை ஒற்றைப் படத்திலிருந்து எடுத்து நாய்ஸைத் தேய்த்து மழுப்பிவிடும். உங்கள் மகளின் ஆட்டத்தைப் போனில் எடுத்துப் பாருங்கள், பின்னணித் திரை அழகாகவும் விரல்கள் மெழுகு மாதிரியும் வரும்.

முக்காலி:

அந்த அடுக்கும் வேலையைக் கேமராவிலும் செய்யலாம் என்பதைச் சேர்த்துவிடுகிறேன். அசையாத காட்சியில் முக்காலி வைத்து நான்கு ரா படங்களை எடுத்துக் கணினியில் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும், இரண்டு ஸ்டாப் கிடைத்ததற்குச் சமம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3×13 மிமீ, ஃபுல் ஃப்ரேமுக்கு அதைவிட இரண்டு ஸ்டாப் கூட. ஆக, நான்கு படம் அடுக்கிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் படம் ஒற்றை ஃபுல் ஃப்ரேம் படத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காற்றில் ஆடும் இலை இருந்தால் மட்டும் தொல்லை.

மேக்ரோ எடுக்கிறவர்களுக்கும் சின்ன சென்சார் ஒரு குறை இல்லை. பூச்சி முழுதும் தெளிவாக வர ஃபுல் ஃப்ரேமில் எஃப் 16க்கு மூடுகிறீர்கள் என்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 8லேயே அதே ஆழம், சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) வரும் மங்கலும் ஒரே அளவு. இருவரும் ஃபிளாஷ்தான் பயன்படுத்தப் போகிறார்கள்.

மேகமூட்டம்:

நேற்று இரவு பழைய படங்களின் எக்ஸிஃப் விவரத்தை (படத்தோடு பதிவாகும் கேமரா அமைப்புகளை) எடுத்துப் பார்த்தேன். மேடைப் படங்களில் பெரும்பாலானவை 55லேயே எடுத்தவை, அதற்குப் பிறகும் வெட்டியிருக்கிறேன். அப்படியானால் 50ஐ விட 85 எஃப் 1.8 நல்லதா? ஏபிஎஸ்-சியில் ரொம்ப நெருக்கமாகிவிடுமோ என்று பயம்.

தூரவெளிச்சம்:

இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன், நீங்களே பார்த்துவிட்டீர்கள். வெட்டுவதும் ஒரு வகையில் சென்சாரைச் சிறிதாக்குவதுதான். ஏபிஎஸ்-சி படத்தை நீளத்திலும் அகலத்திலும் முக்கால் பங்காக வெட்டினால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அளவுக்கு வந்துவிட்டீர்கள், ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைய வெளிச்சமும் போச்சு. உங்கள் படங்கள் நினைத்ததைவிட மோசமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

8 மீட்டரில் 85 மிமீ வைத்தால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஃப்ரேமின் உயரம் சுமார் 2.2 மீட்டர். நின்று ஆடும் ஒருவர் தலையிலிருந்து கால்வரை வருவார், கை மேலே தூக்கினால் இடம் இறுக்கம். கிடைமட்டமாகப் பிடித்தால் உயரம் ஒன்றரை மீட்டர், இடுப்புக்கு மேலே தாராளம். 50 மிமீ என்றால் செங்குத்தில் மூன்றே முக்கால் மீட்டர், கிடைமட்டத்தில் இரண்டரை மீட்டர் உயரம். ஒற்றை ஆட்டம், முகபாவம் என்றால் 85. குழுவாக ஆடுவது, மேடையில் அங்குமிங்கும் ஓடுவது என்றால் 50. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் 85 பக்கம், துளை 47 மிமீ, உங்கள் கிட் லென்ஸை விடப் பரப்பில் 23 மடங்கு. வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு ஒத்திகையில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், ரா ஃபார்மட்டில் எடுங்கள். லைட்ரூமில் 2023ல் வந்த டீநாய்ஸ் போன்றவை ரா ஃபைலில்தான் நன்றாக வேலை செய்கின்றன, நீங்கள் ஏற்கெனவே எடுத்த 12800 படங்களில் ராவாக இருப்பவற்றை அதில் ஓட்டிப் பார்த்தால் சில பிழைக்கும்.

கரிச்சான்:

மேடையில் எல்இடி விளக்கு என்றால் இன்னொன்று கவனியுங்கள். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். சத்தம் வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால், பெரும்பாலான கேமராக்களில் சென்சாரை வரிவரியாகப் படிக்க நேரம் ஆகிறது, அதற்குள் விளக்கு பலமுறை மினுங்கிவிடும், படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். பெரிய சென்சார், அதிக மெகாபிக்ஸல் என்றால் இந்தத் தொல்லை பொதுவாகக் கூடும். நிக்கான் இசட்9 போல, வேகமாகப் படிக்கும் அடுக்கு சென்சார் உள்ளவற்றில் வெகுவாகக் குறைகிறது. உங்கள் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போட்டுவிட்டு, ஒத்திகையிலேயே 1/250ல் சில படங்கள் எடுத்துப் பட்டை விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். விழுந்தால் 1/200, 1/160 என்று இறக்கிக்கொண்டே போய், எங்கே பட்டை மறைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.